குரூப் போட்டோவில் அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார்?

2001, ஏப்ரல் 18. ஜெர்மனியின் மியூனிக் நகரம். சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. பேயர்ன் மியூனிக்கோடு மோதப்போகும் மான்செஸ்டர் யுனைடெட் அணி, மேட்ச்சுக்கு முன்னால் வழக்கம்போல போட்டோவுக்கு நிற்கிறது. அந்தப் படத்தை இப்போதும் நெட்டில் தேடி எடுக்கலாம். எடுத்துத் தலைகளை எண்ணிப் பாருங்கள். பதினொன்று வராது, பன்னிரண்டு வரும்!

அந்தப் பன்னிரண்டாவது ஆள் கார்ல் பவர். பிளேயரும் இல்லை, கோச்சும் இல்லை. ஒரு ரசிகர், அவ்வளவுதான். யுனைடெட் ஜெர்சியை மாட்டிக்கொண்டு, செக்யூரிட்டியை எல்லாம் ஏமாற்றி மைதானத்துக்குள் வந்து, ஆண்டி கோல் பக்கத்தில் கூலாக நின்றுவிட்டார். அன்றைக்கு யுனைடெட் 2-1 என்று தோற்றது. ஸ்கோர் பலருக்கும் மறந்துவிட்டது. ஆனால், கார்ல் பவர் பெயர் இன்னும் மறக்கவில்லை.

செம காமெடிதான். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு பந்தைக்கூட உதைக்காத ஒருவர், போட்டோவுக்கு நின்றதற்காகவே பெயர் வாங்கிவிட்டார். இன்னொரு பக்கம், உண்மையிலேயே ஆடி, முட்டி உடைந்து, ஷீல்டு தூக்கினவர்கள் எத்தனையோ பேர் பழைய குரூப் போட்டோக்களில் பெயரே இல்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் யார் என்று தேடுவது இன்றைக்கு உலகம் முழுக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு தனி ஆர்வமாகவே ஆகிவிட்டது. 2026 உலகக் கோப்பையை ஒட்டி உங்கள் ஃபீடிலும் பழைய அணிகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்திருக்கும். ‘இடது ஓரத்தில் நிற்பவர் யார்னு தெரியுமா?’ என்று ஒரு கமென்ட்டும் கீழே இருந்திருக்கும்.

அந்தக் கமென்ட்டுக்குப் பதில் சொல்வது நாம் நினைக்கிற அளவுக்கு ஈஸி இல்லை. தப்பான பதில் என்ன பண்ணும் என்பது அதைவிட முக்கியம். அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

எங்க வீட்டுச் சுவர்ல ஒருத்தன்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ தொங்குகிறது. தாத்தாவின் ஃபுட்பால் டீம். ஆறு பேர் பின்னால் நிற்கிறார்கள், ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெஞ்சுக்கு முன்னால் தரையில் ஒரு ஷீல்டு. அதற்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு ஒரு பையன். பன்னிரண்டு, பதின்மூன்று வயசு இருக்கும். மடியில் பந்து. மற்ற எல்லோருக்கும் ஒரே மாதிரி ஜெர்சி, அவனுக்கு மட்டும் சாதாரணச் சட்டை.

சின்ன வயசிலிருந்து நான் பார்க்கிற படம்தான். தாத்தா உயிரோடு இருந்தபோது ‘யாரு தாத்தா இவன்?’ என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அவர் போன பிறகுதான் தோன்றியது. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டுக் கேட்டேன். ‘அவரு கோச்சோட மகன்டா’ என்றார் பெரியப்பா. அப்பத்தா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ‘அவனுக்கு எதுக்குடா கோச்சு வீட்டு அட்ரஸு? அவன் பந்து எடுத்துக் குடுக்குற பய. டீமு ஜெயிச்சா அவனுக்கும் புரோட்டா வாங்கிக் குடுப்பாய்ங்க.’

ஒரே படம், ஒரே பையன், இரண்டு வாழ்க்கை. இதில் எது உண்மை?

இதற்குள் சித்தப்பா மகன் ஒரு ஆப்பில் போட்டு படத்தை ‘கிளியர்’ பண்ணி அனுப்பினான். பையன் பளிச்சென்று பல் தெரியச் சிரிக்கிறான். குரூப்பில் எல்லோரும் ஹார்ட் போட்டார்கள். நான் எழுந்துபோய் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். அதில் அவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

நாம் தேடுவதற்கு முன்பே அவன் மாறத் தொடங்கிவிட்டான்.

ஸ்காட்லாந்து கேப்டனையே மறந்த கதை

‘ஊர் டீம் போட்டோதானே, பெரிய அணிகளில் இப்படி எல்லாம் நடக்காது’ என்று நினைக்கிறீர்களா? ஒரு நாட்டு அணியின் கேப்டனே இப்படி மறைந்துபோயிருக்கிறார்.

ஆண்ட்ரூ வாட்சன். 1856-ல் தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தவர். அப்பா சர்க்கரைத் தோட்டத் தொழிலோடு தொடர்புடைய ஸ்காட்லாந்துக்காரர், அம்மா உள்ளூர்க் கருப்பினப் பெண். சிறுவயதிலேயே பிரிட்டனுக்கு வந்து அங்கேயே படித்தார். கிளாஸ்கோவில் கால்பந்து ஆடத் தொடங்கி, அந்தக் காலத்தின் நம்பர் ஒன் கிளப்பான குயின்ஸ் பார்க்கில் சேர்ந்தார். ஆட்டத்தோடு கிளப்பின் செயலாளர் வேலையையும் பார்த்தார்.

1881 மார்ச் 12. லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து அணியைக் கேப்டனாக இருந்து வழிநடத்தினார் வாட்சன். ரிசல்ட் 6-1. சொந்த மண்ணில் இங்கிலாந்து வாங்கிய மிக மோசமான அடி இன்றுவரை அதுதான். ஸ்காட்லாந்துக்காக அவர் ஆடியது மொத்தம் 3 மேட்ச். மூன்றிலும் வெற்றி.

இப்படிப்பட்ட ஒருவரைக் கால்பந்து உலகம் கிட்டத்தட்ட முழுசாக மறந்தது. கானா மண்ணில் பிறந்த கோல் கீப்பர் ஆர்தர் வார்ட்டன்தான் பிரிட்டனின் முதல் கருப்பினக் கால்பந்து வீரர் என்று ரொம்ப காலம் புத்தகங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாட்சன் ஆடியது வார்ட்டனுக்கும் முன்னால். அவர் முகம் பழைய அணிப் படங்களில் தெளிவாகவே இருந்தது. யாரும் அதை மறைத்து வைக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் ‘இவர் யார்?’ என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகத்தை உருவாக்கிய கெட் ஓ பிரையன் போன்றவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் கதை வெளியே வந்தது.

ஒரு பெயரில் இரண்டு பேர்

கதை அங்கே முடியவில்லை. இனிமேல்தான் நமக்கான பாடமே இருக்கிறது.

வாட்சன் கடைசியில் என்ன ஆனார்? ‘ஆஸ்திரேலியாவுக்குப் போய் 1902-ல் சிட்னியில் இறந்துபோனார்’ என்று ஒரு தகவல் ரொம்ப காலம் ஓடியது. புத்தகங்களில் வந்தது, நெட்டில் வந்தது, ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். பிற்பாடு ஆண்டி மிட்செல் என்ற ஸ்காட்லாந்து கால்பந்து ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது அது தப்பு என்று தெரியவந்தது. வாட்சன் கப்பல் இன்ஜினீயராக வேலை பார்த்து, லண்டனில் குடியேறி, 1921 மார்ச் 8 அன்று அங்கேயே இறந்திருக்கிறார். கல்லறையும் லண்டன் ரிச்மண்ட் மயானத்தில்தான் இருந்தது, கவனிப்பார் இல்லாமல். பிறகு ரசிகர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து முயற்சி எடுத்து அதைச் சீரமைத்தார்கள்.

தப்பு ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்தத் தப்பான தகவல் இருந்தவரை லண்டனில் அவர் கல்லறையை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ‘அதுதான் சிட்னின்னு தெரியுமே!’ பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தால் யாராவது தேடிக்கொண்டே இருந்திருப்பார்கள். தப்பான விடை கேள்வியையே சாகடித்துவிடுகிறது. ‘தெரியாது’ என்பது திறந்து வைத்த கதவு. தப்பான பெயர் அதற்குப் போட்ட பூட்டு. பூட்டு ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை!

வார்ட்டன் கதையும் இதே மாதிரிதான். 1930-ல் இறந்தபோது இங்கிலாந்தில் டான்காஸ்டர் பக்கம் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். ஷெஃபீல்டைச் சேர்ந்த இனவெறி எதிர்ப்புக் கால்பந்து இயக்கம் ஒன்று முயற்சி எடுத்து, 1997-ல்தான் அங்கே ஒரு கல் நட்டது. அவர் இறந்து 67 வருஷம் கழித்து.

நம்ம ஊர்ப் பெயர்ச் சிக்கல்

ஆண்ட்ரூ வாட்சன் என்று முழுப்பெயர், குடும்பப்பெயர் எல்லாம் இருந்தும் அங்கே இவ்வளவு குழப்பம். நம்ம ஊரில் யோசித்துப் பாருங்கள்.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒரு இனிஷியல், ஒரு பெயர். பழைய மேட்ச் செய்திகளில் வருவதும் அதுதான். எஸ்.முருகேசன், கே.அந்தோணிசாமி, எம்.அப்துல் காதர். பேகம்பூரிலோ நாகல் நகரிலோ தெருவில் நின்று ‘முருகேசன்’ என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். போதாததற்குக் கிரவுண்டில் யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடுவதும் இல்லை. கட்டையன், ரயிலு, வாத்தியார் என்று பட்டப்பெயர்தான். கூட ஆடியவருக்குப் பட்டப்பெயர் ஞாபகம் இருக்கும், உண்மையான பெயர் தெரியாது. வீட்டில் உள்ளவர்களுக்கு உண்மையான பெயர் தெரியும், பட்டப்பெயர் தெரியாது. அதனால் இரண்டு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்தால்தான் ஒரு ஆள் முழுசாகக் கிடைப்பார்.

நம்மிடம் இருக்கிற ஒரே பெரிய துருப்புச்சீட்டு இனிஷியல். அது பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்து. ‘எஸ்’ என்றால் சுப்பையாவா, சூசையா, சுலைமானா என்று கேட்டுக்கொண்டே போனால் தெருவும் பள்ளிக்கூடமும் பிடிபடும். அதனால் பெயரை எழுதும்போது இனிஷியலை விட்டுவிடாதீர்கள்.

காந்தி பக்கத்தில் நிற்பவர் யார்?

காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில் கால்பந்தில் ஆர்வம் காட்டினார் என்பது தெரியுமா? ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் நகரங்களில் ‘பேசிவ் ரெசிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் இந்தியர்களின் கால்பந்துக் கிளப்கள் இருந்தன. சாத்விக எதிர்ப்பாளர்கள் என்று அர்த்தம். கிளப்புக்கே போராட்டத்தின் பெயர்! அந்த அணியினரோடு காந்தி இருக்கும் பழைய படம் இன்றைக்கும் அடிக்கடி ஷேர் ஆகிறது.

‘கால்பந்து அணியினருடன் காந்தி’ என்ற அளவோடு கேப்ஷன் முடிந்துவிடுகிறது. காந்திக்குப் பெயர் இருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் ‘அணியினர்’.

டிரான்ஸ்வாலில் நடந்த அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில், 1914 பிப்ரவரி 22 அன்று, சிறையில் வந்த நோயால் இறந்தார். சிறைவாசத்தால் சாமி நாகப்பன் 1909-ல் இறந்தார். தம்பி நாயுடு பலமுறை சிறைக்குப் போனார். இந்தப் பெயர்கள் எல்லாம் போராட்ட வரலாற்றில் இருக்கின்றன. அந்தக் கால்பந்துப் படத்தில் நிற்பவர்களில் எத்தனை பேர் தமிழர்கள்? அவர்களுடைய கொள்ளுப்பேத்தி ஒருத்தி இன்று டர்பனில் அதே படத்தை ஸ்க்ரோல் பண்ணிக் கடந்து போயிருப்பாளோ? காந்தியைப் பார்த்து லைக் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் தன் கொள்ளுத்தாத்தாவைப் பார்க்காமல்?

எல்லாப் படமும் இப்படி ஆவதில்லை. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ ஷீல்டை வென்றது. பிரிட்டிஷ் அணியை ஃபைனலில் ஜெயித்து அந்த ஷீல்டை வாங்கிய முதல் இந்திய அணி. பதினொரு பேரில் ஷூ போட்டு ஆடியவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான், மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். அந்த அணியின் பதினொரு பேருக்கும் இன்றுவரை பெயர் இருக்கிறது. காரணம் கேமரா இல்லை. அந்த ஊர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு ஜூலை 29-ம் தேதியும் அந்தப் பெயர்களை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

முகத்தைப் படம் காப்பாற்றும். பெயரைக் காப்பாற்ற மனுஷங்கதான் வேணும்.

ஏ.ஐ கண்டுபிடிச்சுத் தராதா?

‘இதெல்லாம் எதுக்கு பாஸ்? ஏ.ஐ-கிட்ட போட்டா சொல்லிடாதா?’ என்று கேட்பது புரிகிறது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கூகுள் லென்ஸ் மாதிரியான தேடல்கள் ஏற்கெனவே நெட்டில் இருக்கிற படங்களோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்லும். ஒரு பழைய மில் டீமின் லெஃப்ட் பேக் நெட்டிலேயே இல்லை என்றால், எதனோடு ஒப்பிடும்? அப்போதும் அது சும்மா இருக்காது, கொஞ்சம் அதே ஜாடையில் யாரையாவது காட்டும். பழைய படத்தில் எண்ணெய் தேய்த்து வகிடு எடுத்த மீசைக்காரர்கள் எல்லோரும் ஒரே ஜாடைதான்!

இரண்டாவது, இதைவிட ஆபத்தானது. மங்கலான படத்தைத் தெளிவாக்கும் ஆப்கள் இல்லாத தகவலைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. ‘இந்த இடத்தில் இப்படி இருந்திருக்கலாம்’ என்று ஊகித்து வரைகின்றன. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘பல்ஸ்’ என்ற மென்பொருளில், கட்டம் கட்டமாக மங்கலாக்கிய பராக் ஒபாமா படத்தைப் போட்டார்கள். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! அந்த மாதிரி ஒரு மென்பொருளில் ஆண்ட்ரூ வாட்சன் நிற்கும் மங்கலான அணிப் படத்தைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘இவர் யார்?’ என்ற கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

பொழுதுபோக்குக்குக் கலர் அடிப்பது, கிப்ளி ஆக்குவது எல்லாம் உங்கள் இஷ்டம். 2025-ல் நாம் எல்லோரும் அதைப் பண்ணினோம், நானும் பண்ணினேன். ஆனால் ஆளை அடையாளம் காண அந்தப் படத்தைப் பயன்படுத்தாதீர்கள். தொண்ணூறு வயசுத் தாத்தாவிடம் ஏ.ஐ வரைந்த முகத்தைக் காட்டி ‘இவரைத் தெரியுதா?’ என்று கேட்டால், அவர் பாவம், இல்லாத ஒருவரை ஞாபகத்தில் தேடுவார். நம்மைச் சந்தோஷப்படுத்த ஒரு பெயரும் சொல்லிவிடுவார். அந்தப் பெயர் அடுத்த நூறு வருஷத்துக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஏன் இப்பவே?

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல் சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது நினைவிருக்கும். கோடிகளில் புரளும் கிளப்களே ‘அடுத்து என்ன?’ என்று தவித்துப்போயின. டி.வி, ஸ்பான்சர், வெப்சைட் எல்லாம் இருக்கிற இடத்திலேயே அந்த நிலைமை. ஒரு தெருப் பையன்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மில், ஒரு தோல் ஷாப் தொழிலாளர்கள் என்று சேர்ந்து உருவான ஊர் கிளப்களுக்கு யார் ஆவணக் காப்பகம் வைத்திருக்கப் போகிறார்கள்? மில் மூடினால் டீமும் போகும். செயலாளர் வீடு மாறினால் மினிட்ஸ் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கடைசியில் மிஞ்சுவது யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ.

அதைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது, எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். படம் இன்னும் ஐம்பது வருஷம் கூடச் சுவரில் தொங்கும். அவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். ‘மைதான்’ படம் 2024-ல் வந்த பிறகுதான் 1962 ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியதே நம்மில் பலருக்குத் தெரியும். அந்த அணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், 2023 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். படம் வந்தபோது பார்க்க அவர் இல்லை. நாட்டு அணிக்கு ஆடினவருக்கே நாம் லேட். ஊர் டீமுக்கு ஆடினவர்களுக்கு?

எப்படித் தேடுவது?

உங்கள் வீட்டிலோ, டீக்கடையிலோ, பள்ளிக்கூட வராண்டாவிலோ இப்படி ஒரு படம் இருந்தால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஃபிரேமின் பின்பக்கம். பழைய ஸ்டூடியோக்கள் படத்தை அட்டையில் ஒட்டி, ஓரத்தில் தங்கள் பெயரையும் ஊரையும் அச்சடித்தன. பென்சிலில் தேதி இருக்கலாம். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், ஃபிரேம் போடும் கடைக்காரரிடம் கொடுத்துப் பக்குவமாகத் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, படத்துக்குள் இருக்கிற பொருள்கள். பந்தில் சாக்பீஸில் வருஷம் எழுதியிருக்கிறதா? முன்னால் சிலேட் இருக்கிறதா? ஷீல்டில் எழுத்து தெரிகிறதா? தையல் கயிறு போட்ட தோல் பந்தா? வெறுங்காலா, ஷூவா? நெகட்டிவைத் திருப்பிப் பிரின்ட் போட்டிருந்தால் இடமும் வலமும் மாறிவிடும். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். ‘இடமிருந்து வலம்’ என்று எழுதிய பெயர் வரிசை எல்லாம் இதில்தான் மாட்டிக்கொள்கிறது.

மூன்றாவது, ஆட்கள். இரண்டு பெரியவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் முதலில் பேசுபவர் சொன்னதற்கு இன்னொருவர் தலையாட்டுவார். ‘இவர் இன்னார்தானே?’ என்று பெயரை எடுத்துக்கொடுக்காதீர்கள். ‘இவரு யாருங்க தாத்தா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தனித்தனியாக வாங்கிய பதில்கள் கையில் வந்த பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கலாம். பட்டப்பெயரும் சொந்தப் பெயரும் சேர்வது அப்போதுதான்.

நான்காவது, பேப்பர். தினத்தந்தி 1942-ல் நம்ம மதுரையில்தான் தொடங்கியது. ‘தி இந்து’ 1878-லிருந்து வருகிறது. சென்னையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்கள், செய்தித்தாள்கள் சட்டப்படி போய்ச் சேர வேண்டிய 4 நூலகங்களில் அதுவும் ஒன்று. ஷீல்டில் இருக்கிற வருஷம் தெரிந்துவிட்டால், எந்த மாசத்துப் பேப்பரைப் புரட்டுவது என்று பெரியவர்கள் சொல்லும் கதையிலிருந்தே பிடித்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. படத்தில் இருப்பவர் இன்னும் உயிரோடு இருக்கலாம். கண்டுபிடித்த வேகத்தில் அவருடைய போன் நம்பர், தெரு, வீடு எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிடாதீர்கள். முதலில் அவரிடமோ குடும்பத்திடமோ கேளுங்கள். சிலருக்கு அந்தப் பழைய டீமை நினைக்கவே பிடிக்காத காரணம் இருக்கலாம். அதுவும் அவர்கள் உரிமைதான்.

பெயர் உறுதியாகாவிட்டால்? ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று கூடவே எழுதுங்கள். அடுத்து தேடி வருபவருக்கு அது போதும்.

மறுபடியும் அந்தப் பையன்

எங்கள் வீட்டுப் படத்தின் ஃபிரேமைத் திறந்தோம். அட்டையின் பின்னால் பென்சிலில் பதினொரு பெயர்கள் இருந்தன, இனிஷியலோடு, தாத்தாவின் கையெழுத்தில். பன்னிரண்டாவது பெயர் இல்லை.

அப்பத்தாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன், பெரியப்பாவிடம் போனில் தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் அவரவர் கதையில் உறுதியாக இருக்கிறார்கள். ஆனால் அப்பத்தா புதிதாக ஒன்று சொன்னார். ‘பேரு தெரியலடா. ஆனா போட்டோ எடுக்குறப்ப அந்தப் பயலையும் உக்கார வைக்கணும்னு சொன்னதே ஒன் தாத்தாதான்.’

அதையும் எழுதிவைத்தேன். ஒரு புதுத் தாளில், ‘தரையில் அமர்ந்திருப்பவர்: பெயர் தெரியவில்லை’ என்று தொடங்கி, அப்பத்தா சொன்னது, பெரியப்பா சொன்னது, கேட்ட தேதி எல்லாம். அதைக் கவரில் போட்டு ஃபிரேமுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். பல் தெரியச் சிரிக்கும் அந்த ஏ.ஐ படத்தை ஃபேமிலி குரூப்பிலிருந்து டெலீட் பண்ணச் சொல்லிவிட்டேன். தாத்தாவோடு ஆடிய ஒருவர் வத்தலக்குண்டு பக்கம் இருக்கிறார் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

நீங்களும் இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு படத்தை இறக்குங்கள். தாத்தா, பாட்டி, அப்பத்தா, அம்மாச்சி யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் கொடுங்கள். போனை ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு, ‘இது யாரு?’ என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பின்பக்கம் எழுதிவிடுங்கள். பென்சில் போதும்.